ஏறு கோடு, இறங்கு கோடு

கிராஃப் தாளில் கோடு மேலே போனால் நல்லது, கீழே வந்தால் கெட்டது என்று நினைப்பவர்கள் ஒருமுறை ரயில்வே கன்ட்ரோல் ஆபீஸின் சார்ட்டைப் பார்க்க வேண்டும்.

முன்பின் தெரியாதவர் கண்ணுக்கு அது ஏதோ குழந்தை கையில் ஸ்கேல் கிடைத்து விளையாடிய தாள். மேஜையை அடைத்துக்கொண்டு விரிந்திருக்கும் காகிதம். குறுக்கே நெருக்கமாக மெல்லிய கட்டங்கள். அவற்றின் மேல் கலர் பென்சிலில் சாய்வான கோடுகள். சில மேல்நோக்கிப் போகின்றன, சில கீழ்நோக்கி. ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, வலை பின்னியது போல. பல பத்தாண்டுகளாக இந்தியாவின் ரயில்கள் ஓடியது இந்த வலைக்குள்தான்.

மேஜை முன்னால் உட்கார்ந்திருப்பவர் செக்ஷன் கன்ட்ரோலர். அவர் ஒரு வண்டியைக்கூடக் கண்ணால் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரும் போனில் கூப்பிட்டு, இன்ன வண்டி வந்தது, இன்ன வண்டி கிளம்பியது என்று நேரத்தைச் சொல்வார். கன்ட்ரோலர் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, முந்தைய புள்ளியோடு சேர்ப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளிலிருந்து, இன்னும் அரை மணியில் எந்த இரண்டு வண்டிகள் எங்கே முகத்தோடு முகம் பார்க்கும் என்று அவரால் சொல்ல முடியும். இன்று காகிதத்தின் இடத்தைக் கணினித் திரை பிடித்துவிட்டது. பென்சில் சீவுவது நின்றது, கோடுகள் நிற்கவில்லை. திரையில் தெரிவதும் அதே ஏறு கோடும் இறங்கு கோடும்தான்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் 'சாய்வு' என்று கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்துகிற விஷயமும் இதுவேதான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துபோகிற பாடம். மறந்துபோனதன் விலையை பிறகு செய்தித்தாள் படிக்கும்போது கொடுக்கிறோம்.

சார்ட்டைப் படிக்கும் முறை எளிது. கிடையாக ஓடுவது நேரம்: இடது கோடியில் நள்ளிரவு, வலது கோடியில் அடுத்த நள்ளிரவு. செங்குத்தாக இருப்பது தூரம்: ஸ்டேஷன் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, இடையே உள்ள கிலோமீட்டருக்கு ஏற்ற இடைவெளியில். ஒரு வண்டி கீழே எழுதியுள்ள ஸ்டேஷனில் கிளம்பி மேலே எழுதியுள்ள ஸ்டேஷனை நோக்கிப் போனால், நேரம் ஆக ஆக அதன் கோடு ஏறும். அது மிகைச் சாய்வு, பிளஸ். எதிர்த்திசையில் வரும் வண்டியின் கோடு இறங்கும். அது குறைச் சாய்வு, மைனஸ். ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஏறியது அல்லது இறங்கியது என்பதுதான் சாய்வின் அளவு. அதாவது வேகம். ராஜ்தானியின் கோடு நிமிர்ந்து நிற்கும், கூட்ஸ் வண்டியின் கோடு படுத்துக் கிடக்கும்.

ஆக ஒரு கோடு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. எண் சொல்வது வேகத்தை. குறி சொல்வது திசையை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன. மைனஸ் 60, பிளஸ் 40ஐ விடச் சிறிய எண் என்று எண்களின் பாடம் சொல்லும். ஆனால் மைனஸ் 60ல் வரும் வண்டிதான் வேகமான வண்டி.

கோடு கிடையாகப் படுத்துவிட்டால் சாய்வு பூஜ்யம். நேரம் போகிறது, தூரம் மாறவில்லை. வண்டி லூப் லைனில் நிற்கிறது. பாஸஞ்சர் வண்டியில் போய்ப் பழகியவர்களுக்கு இந்தக் கோட்டை விளக்க வேண்டியதில்லை. நேர் செங்குத்தான கோடு மட்டும் சார்ட்டில் வரவே வராது. ஒரே நொடியில் எல்லா ஸ்டேஷனிலும் இருக்கக்கூடிய வண்டியை இன்னும் யாரும் விடவில்லை. செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று பாடப்புத்தகம் சொல்வதற்குக் காரணமும் இதுதான்: தூரத்தை வகுக்க நேரமே இல்லை, பூஜ்யத்தால் வகுக்க முடியாது.

இந்த வகைப் படம் ரயிலைப் போலவே ஐரோப்பாவிலிருந்து வந்தது. பாரிஸ்-லியோன் பாதையின் முழு நாள் கால அட்டவணையை இப்படிக் கோடுகளாகக் காட்டும் படம் ஒன்று, பிரெஞ்சு விஞ்ஞானி எத்தியென்-ஜூல் மரே 1885ல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. அதைப் போட்டவர் இப்ரி என்ற பொறியாளர் என்கிறார் மரே. அந்தப் படத்தில் மேலே பாரிஸ், கீழே லியோன். ஆகவே தலைநகரிலிருந்து கிளம்பும் வண்டியெல்லாம் இறங்கு கோடு, தலைநகருக்கு வருவதெல்லாம் ஏறு கோடு. லியோனை மேலே எழுதியிருந்தால் அத்தனை கோடும் தலைகீழாகியிருக்கும். ஒரு வண்டியின் ஒரு நிமிடம்கூட மாறியிருக்காது. மைனஸ் என்ற குறி வண்டியின் குணமல்ல; மேலே எந்தப் பெயரை எழுதினார்கள் என்பதன் விளைவு.

மாணவர்கள் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான். கிராஃபை அவர்கள் ஒரு படமாகப் பார்க்கிறார்கள். கோடு ஏறினால் வண்டி மலை ஏறுகிறது, இறங்கினால் பள்ளத்தில் இறங்குகிறது. கிராஃபைக் காட்சியாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைப் பல நாடுகளில் கல்வி ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. சாய்வு என்ற சொல்லைக் கேட்டால் மேடும் பள்ளமும்தான் நினைவுக்கு வரும்.

அந்த மேடு பள்ளத்துக்கும் ரயில்வேயில் தனிக் கணக்கு உண்டு. தண்டவாளத்தின் ஓரத்தில் சின்னக் கம்பங்கள் நட்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். இங்கிருந்து பாதை ஏற்றமா, இறக்கமா, எத்தனை அடிக்கு ஓரடி என்று அவை டிரைவருக்குச் சொல்கின்றன. மும்பையிலிருந்து புனே போகும் வழியில், 1863ல் திறக்கப்பட்ட போர் காட் மலைப்பாதையில் 37க்கு 1. கர்ஜத்தில் வண்டியின் பின்னால் கூடுதல் என்ஜின்களை மாட்டித் தள்ளித்தான் லோனாவ்ளாவுக்கு ஏற்றுகிறார்கள். நீலகிரி மலை ரயிலில் பல்சக்கரம் இல்லாமல் முடியாத அளவுக்கு, சுமார் 12க்கு 1. 1998 ஜனவரி 26 முதல் முழு நீளத்துக்கும் ஓடும் கொங்கண் ரயில்வேயிலோ, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியிலேயே போனாலும் ஏற்றம் 150க்கு 1ஐத் தாண்டாதபடி பாதை போட்டிருக்கிறார்கள். மலையைக் குடைந்த சுரங்கங்களும் பள்ளத்தாக்குகளின் மேல் நிற்கும் பாலங்களும் இந்த ஒரு எண்ணுக்காகக் கொடுத்த விலை.

இதுவும் சாய்வுதான்: எழுச்சியைக் கிடைத்தூரத்தால் வகுத்தது. ஆனால் இங்கே கீழே இருப்பது தூரம். சார்ட்டில் கீழே இருப்பது நேரம். கம்பத்தில் ஏற்றம் என்று எழுதியிருப்பது எதிரே வரும் டிரைவருக்கு இறக்கம். சார்ட்டிலோ அப்படித் திரும்பிப் பார்க்க வழியில்லை. நேரம் ஒரே பக்கமாகத்தான் ஓடும். எந்தக் கோட்டையும் இடமிருந்து வலமாகத்தான் படித்தாக வேண்டும்.

இரண்டு சாய்வும் ஒன்றல்ல என்பதற்கு நீலகிரி வண்டியை விட நல்ல சாட்சி கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். ஏற 4 மணி 50 நிமிடம் ஆகிறது. இறங்க 3 மணி 35 நிமிடம். சராசரியாக ஏறும்போது மணிக்கு ஒன்பதரை கிலோமீட்டர், இறங்கும்போது கிட்டத்தட்ட 13. சார்ட்டில் ஊட்டியை மேலே எழுதினால், செங்குத்தான மலையில் ஏறும் வண்டியின் கோடு தாழ்வாகவும், இறங்கும் வண்டியின் கோடு அதைவிட நிமிர்ந்தும் இருக்கும். மலை எவ்வளவு கடுமையோ அவ்வளவு தணிந்த கோடு. ஊட்டியைக் கீழே எழுதினால் வேடிக்கை முழுமையாகிவிடும். மூச்சு வாங்க மலையேறும் ரயிலுக்கு இறங்கு கோடு!

கன்ட்ரோலருக்கு வேடிக்கைக்கு நேரமில்லை. அவர் கவலையெல்லாம் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம். இரட்டைப் பாதையில் ஏறு கோடும் இறங்கு கோடும் எங்கே வெட்டினாலும் கவலையில்லை. அடுத்தடுத்த தண்டவாளத்தில் இரண்டும் கடந்து போகும். ஒற்றைப் பாதையில் அந்தப் புள்ளி ஒரு ஸ்டேஷன் மீதுதான் விழ வேண்டும். வேறெங்கும் விழக்கூடாது.

120 கிலோமீட்டர் நீள ஒற்றைப் பாதை ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். கீழ்க்கோடி ஸ்டேஷனிலிருந்து காலை 6 மணிக்கு ஒரு பாஸஞ்சர், சராசரி 40 கிலோமீட்டர் வேகம். மேல்கோடியிலிருந்து 7 மணிக்கு ஒரு எக்ஸ்பிரஸ், வேகம் 60. பாஸஞ்சரின் சாய்வு பிளஸ் 40, எக்ஸ்பிரஸின் சாய்வு மைனஸ் 60. ஏழு மணிக்கு பாஸஞ்சர் 40 கிலோமீட்டர் வந்திருக்கும். இடையே மீதி 80. எதிரெதிர்க் குறிகளானதால் இடைவெளி மணிக்கு 100 கிலோமீட்டர் வீதம் சுருங்கும். 80 கிலோமீட்டர் சுருங்க 48 நிமிடம். ஆக 7.48க்கு, 72வது கிலோமீட்டரில் இரண்டு கோடும் வெட்டும்.

72வது கிலோமீட்டரில் ஸ்டேஷன் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஸ்டேஷன்கள் 64லும் 80லும் இருக்கின்றன. 64ல் பாஸஞ்சரை நிறுத்தலாம்: அது 7.36க்கு வந்து சேரும், எக்ஸ்பிரஸ் அங்கே 7.56க்குக் கடக்கும். இருபது நிமிடம் காத்திருப்பு. அல்லது 80ல் எக்ஸ்பிரஸை நிறுத்தலாம்: அது 7.40க்கு வரும், பாஸஞ்சர் 8 மணிக்கு வரும். அதுவும் இருபது நிமிடம்தான். வெட்டும் புள்ளியிலிருந்து இரண்டு ஸ்டேஷனும் சம தூரம் என்பதால் இழப்பும் சமம். கோடுகள் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

சலுகை காட்டுவது ரயில்வேயின் முன்னுரிமை வரிசை. பாஸஞ்சர் லூப் லைனில் ஒதுங்கும், எக்ஸ்பிரஸ் தடதடவென்று போகும். தினக்கூலிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்களின் கோட்டில்தான் அந்தக் கிடைமட்டத் துண்டு எப்போதும் வந்து சேருகிறது. ஏன் என்று கணிதத்தைக் கேட்டுப் பயனில்லை.

வகுப்பில் நடக்கும் இன்னொரு சறுக்கலையும் இதே வண்டிகளை வைத்தே பார்த்துவிடலாம். சாய்வு காண இரண்டு புள்ளிகள் போதும். எக்ஸ்பிரஸ் 7 மணிக்கு 120ல், 7.48க்கு 72ல். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் தூரம் மைனஸ் 48, நேரம் 0.8 மணி. வகுத்தால் மைனஸ் 60. தலைகீழாகக் கழித்தால் தூரம் பிளஸ் 48, நேரம் மைனஸ் 0.8. வகுத்தாலும் அதே மைனஸ் 60. எந்த வரிசையிலும் கழிக்கலாம், மேலும் கீழும் ஒரே வரிசை என்றால். மாணவர்கள் மேலே ஒரு வரிசையிலும் கீழே மறு வரிசையிலும் கழித்துவிட்டு, பிளஸ் 60 என்று எழுதி வைக்கிறார்கள். வாத்தியார் ஒரு மார்க் குறைப்பார். சார்ட்டில் அந்தத் தவறு ஒரு வண்டியையே திசை மாற்றிவிடும்.

ஒரே குறி கொண்ட கோடுகளில் வேறு விதமான ஆபத்து. 40ல் போகும் பாஸஞ்சருக்குப் பின்னால் 60ல் ஓர் எக்ஸ்பிரஸ் வந்தால் இடைவெளி மணிக்கு 20 கிலோமீட்டர் வீதம்தான் சுருங்கும். நிதானமாக, ஆனால் நிச்சயமாக. முன்னால் போவது நின்றுவிட்டால்? அதன் சாய்வு பூஜ்யம். பின்னால் வருவது தன் முழு வேகத்தோடு நெருங்கும். 1995 ஆகஸ்ட் 20 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத் அருகே காளிந்தி எக்ஸ்பிரஸ் நீலான் ஒன்றின் மீது மோதி, பிரேக் கோளாறாகி நின்றது. அதே பாதையில் பின்னால் வந்த புருஷோத்தம் எக்ஸ்பிரஸுக்குப் பாதை காலி என்று சிக்னல் கிடைத்தது. முன்னால் நின்ற வண்டியின் பின்புறத்தில் அது மோதியதில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நான்கு ஆண்டு கழித்து, 1999 ஆகஸ்ட் 2 அதிகாலை, மேற்கு வங்காளத்தின் கைசால். இங்கே குறிகள் எதிரெதிர். அவத்-அஸ்ஸாம் எக்ஸ்பிரஸும் பிரம்மபுத்திரா மெயிலும் ஒரே தண்டவாளத்தில் நேருக்கு நேர் மோதின. குறைந்தது 285 பேர் மாண்டனர்.

இரண்டு விபத்திலும் ஒரு விஷயம் பொது. தாளில் இருக்க வேண்டிய கோடு ஒன்று. தண்டவாளத்தில் ஓடிய கோடு வேறு. சார்ட் என்பது திட்டம், பாதுகாப்பு அல்ல. அதனால்தான் ஒற்றைப் பாதையில் கோட்டை மட்டும் நம்பி யாரும் வண்டி விடுவதில்லை. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் கம்பியால் இணைத்த கருவி ஒவ்வொன்று. அதிலிருந்து வெளியே வரும் உலோகப் பந்து டிரைவர் கையில் இருந்தால்தான் வண்டி கிளம்பலாம். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரண்டு கருவியிலிருந்தும் இன்னொன்று வராது. பந்து வாங்கிக்கொண்டு போவது பல பாதைகளில் இன்று பழங்கதை ஆகிவிட்டது. ஆனால் புதிய சிக்னல் கருவிகளும் செய்வது அந்த வேலையைத்தான்: ஒரு துண்டுப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு கோடு.

மழைக்காலத்தில் இந்த வலை எப்படி மாறுகிறது என்பதைக் கொங்கணில் காணலாம். ரத்னகிரி மலைகளில் பாறை சரியும் பயத்தால், ஜூன் முதல் அக்டோபர் வரை கொங்கண் ரயில்வே தனிக் கால அட்டவணை வைத்திருக்கிறது. வண்டிகள் வேகம் குறைத்து ஓடுகின்றன. சார்ட்டில் அதன் பொருள், ஏறு கோடுகளும் இறங்கு கோடுகளும் சேர்ந்து தணிகின்றன. குறி மாறவில்லை, அளவு குறைகிறது. தணிந்த கோடு அதிக நேரம் பாதையை அடைத்துக்கொள்ளும்; கோடுகள் வெட்டும் புள்ளிகள் எல்லாம் இடம் பெயரும்; நேற்றுவரை ஒரு ஸ்டேஷனில் நடந்த கிராஸிங் வேறொரு ஸ்டேஷனுக்குப் போகும். பெரும்பகுதி ஒற்றைப் பாதை என்பதால் ஒரு வண்டியை மட்டும் மெதுவாக்கிவிட்டு மற்றவற்றைச் சும்மா விட முடியாது. மொத்த வலையையும் புதிதாகப் பின்ன வேண்டும்.

கன்ட்ரோல் ஆபீஸில் இருப்பவர்களுக்கு ஏறு கோட்டின் மேல் பாசமோ இறங்கு கோட்டின் மேல் வெறுப்போ கிடையாது. வெளியே இருப்பவர்களுக்கு உண்டு. டி.வி.யிலும் செய்தித்தாளிலும் கிராஃப் வந்தால், கோடு ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு என்றே மனம் படிக்கிறது. இதில் மொழிக்கும் பங்கு உண்டு. கணக்குப் புத்தகம் 'சாய்வு' என்கிறது. செய்தித்தாள் 'சரிவு' என்கிறது. முன்னது வெறும் சாய்மானம். பின்னதில் விழுந்துபோன வருத்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'குறை' என்ற சொல்லும் அப்படித்தான். குறை என்றால் குற்றம் என்று பழகிய காதில், குறைச் சாய்வு ஏதோ சரிசெய்ய வேண்டிய கோளாறு போலக் கேட்கிறது.

இந்தியாவின் சிசு மரண விகிதத்தை கிராஃபில் போட்டால் கிடைப்பது இறங்கு கோடு. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 1971ல் 129. 1991ல் 80. 2020ல் 28. முதல் இருபது ஆண்டில் சாய்வு ஆண்டுக்கு மைனஸ் 2.45, அடுத்த 29 ஆண்டில் சுமார் மைனஸ் 1.8. இந்த மைனஸைக் கண்டு வருத்தப்பட யாரும் இல்லை. கோடு முன்பைவிடத் தணிந்துவிட்டதே, முயற்சி தளர்ந்துவிட்டதா என்று கேட்கலாம். கேட்பவர் 80, 28 ஆனதையும் பார்க்க வேண்டும். முதல் கட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தது, இரண்டாம் கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாத கோடு, பூஜ்யத்தை நெருங்கும்போது தணியத்தான் செய்யும்.

இதைவிட அதிகம் ஏமாற்றுவது, செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கோட்டை மட்டும் பார்ப்பது. கிலோ 40 ரூபாய் விற்ற அரிசி அடுத்த ஆண்டு 44, அதற்கடுத்த ஆண்டு 47 என்று வைத்துக்கொள்வோம். விலை உயர்வு விகிதம் முதலில் 10 சதவீதம், பிறகு ஏழுக்கும் குறைவு. விகிதத்தின் கோடு இறங்குகிறது. 'பணவீக்கம் சரிந்தது' என்று தலைப்புச் செய்தி வரும். கையில் பையோடு கடைக்குப் போனவர் போன வருஷத்தைவிட மூன்று ரூபாய் அதிகம் கொடுத்துவிட்டு, யார் பொய் சொல்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே திரும்புவார். யாரும் பொய் சொல்லவில்லை. விலையின் கோடு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. முன்பைவிடக் கொஞ்சம் தணிந்து ஏறுகிறது.

மக்கள்தொகையில் இதே குழப்பம் நாடு தழுவிய அளவில் நடந்தது. சென்சஸ் கணக்கில் பத்தாண்டு வளர்ச்சி விகிதம் 1991ல் 23.87 சதவீதம், 2001ல் 21.54, 2011ல் 17.7. தெளிவான இறங்கு கோடு. ஜனத்தொகை குறைய ஆரம்பித்துவிட்டது என்று பேசியவர்கள் உண்டு. ஆனால் தலைகளை எண்ணினால் 1991ல் 84.64 கோடி, 2001ல் 102.87 கோடி, 2011ல் 121.09 கோடி. முதல் பத்தாண்டில் கூடியது 18.23 கோடி, அடுத்த பத்தாண்டில் 18.22 கோடி. இந்த மூன்று புள்ளிகளையும் சேர்த்தால் ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேர்க்கோடு வரும். சாய்வு, ஆண்டுக்குப் பிளஸ் 1.82 கோடி. ஒரே நாடு, ஒரே இருபது ஆண்டு, ஒரு தாளில் இறங்கு கோடு, மறு தாளில் ஏறு கோடு. விகிதம் குறைந்ததற்குக் காரணம், அதே 18 கோடி இந்த முறை பெரிய தொகையோடு ஒப்பிடப்பட்டதுதான்.

நூறாண்டு சென்சஸ் வரலாற்றில் இந்திய மக்கள்தொகையின் கோடு உண்மையிலேயே இறங்கியது ஒரே ஒரு முறை. 1911ல் 25.21 கோடி, 1921ல் 25.13 கோடி. குறைவு சுமார் எட்டு லட்சம். பத்து ஆண்டில் பரப்பினால் ஆண்டுக்கு எண்பதாயிரத்துக்கும் கீழே. கிராஃபில் கிட்டத்தட்ட கிடைக்கோடு; கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் இறக்கம் தெரியும்.

அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 1918 இருக்கிறது. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்த இன்ஃபுளூயன்ஸா, ரயில் பாதைகளின் வழியே நாடெங்கும் பரவி, ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மற்ற ஆண்டுகளில் பிறந்தவர்கள் அந்த இழப்பை ஏறத்தாழ நிரப்பிவிட்டார்கள். இரண்டு சென்சஸ் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு இழுத்த கோட்டுக்குக் கிடைப்பது சராசரிச் சாய்வுதான். ஆண்டுதோறும் ஒரு புள்ளி வைத்திருந்தால் ஏறி, செங்குத்தாக விழுந்து, மறுபடி ஏறும் கோடு வந்திருக்கும். மக்கள்தொகை ஆய்வாளர்கள் 1921ஐப் பெரும் பிரிவாண்டு என்று அழைக்கிறார்கள். அதற்குப் பிறகு எடுத்த எந்த சென்சஸிலும் அந்தக் கோடு இறங்கவில்லை.